திருத்தம் வேண்டாத படங்கள்

1935 செப்டம்பர் 11, மிலான்

நெவியோவை ஆப்பிரிக்காவுக்கு அனுப்புகிறார்கள். பத்திரிகை ஆசிரியர் பெர்லெண்டிஸ் இன்று எல்லோர் முன்னாலும் அறிவித்தார். கல்யாண வீட்டில் மணப்பெண் கண் சிமிட்டினால் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மறுபடி படம் எடுக்கிற மனிதர் என் கணவர். அவரைப் போய்ப் போருக்கு! போர் இன்னும் தொடங்கவே இல்லை. ஆனால் எங்கள் வாரப் பத்திரிகையில் அதற்கு எட்டுப் பக்கம் ஒதுக்கியாகிவிட்டது.

படங்களைத் திருத்துவது என் வேலை. அமைச்சர்களின் தொந்தியும் இரட்டைத் தாடையும் என் மேசையில்தான் காணாமல்போகின்றன.

“நான் பாக்கறதைத்தான் எடுப்பேன், எர்ஸிலியா,” என்றார் நெவியோ. “மிச்சத்தை நீ பாத்துக்கோ.”

சிரித்தோம்.

அக்டோபர் 2

சங்கு ஊதி ஊரையே சதுக்கத்துக்குத் துரத்தினார்கள். ஒலிபெருக்கியில் தலைவர் போர், போர் என்று கத்தினார். படக்குறிப்பு எழுதும் தார்சீஸியோ அழுதேவிட்டான். பக்கத்து ஊர் பாவியாவுக்குத் தெற்கே கால் வைத்தறியாதவன்.

“அங்க விதையைச் சும்மா வீசினாலே விளையுமாம், எர்ஸிலியா!”

“அப்ப அங்க இருக்கறவங்க?”

“அவங்களுக்கு வீசத் தெரியாது.”

இதை அப்படியே அச்சிலும் போடுவான். பார்த்துக்கொண்டே இருங்கள்.

யாரிடம் சொல்கிறேன்?

நவம்பர் 9

நெவியோ அனுப்பிய முதல் படக்கட்டு. ஒரு கிராமம். பெண்கள் வரிசையாகக் கைகளைத் தூக்கி நிற்கிறார்கள். ஓரத்தில் துப்பாக்கி முனை.

“இது தலைவருக்குக் கை தூக்கி வைக்கிற வணக்கம்,” என்றார் பெர்லெண்டிஸ். “துப்பாக்கியை எடுத்துடு. விரலெல்லாம் விரிஞ்சு கிடக்கு பாரு, சேர்த்துவிடு. அவ்வளவுதான்.”

பயத்தில் விரிந்த விரல்களை ஒவ்வொன்றாக ஒட்டவைத்தேன். ஒருத்தியின் முதுகில் குழந்தை. அதுவும் கையைத் தூக்கியிருந்தது. ஐந்து மிகச் சிறிய விரல்கள்.

தார்சீஸியோவின் குறிப்பு: ‘மழலையும் வணங்குகிறது.’

டிசம்பர் 18

நாட்டுக்காகக் கல்யாண மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கும் நாள். ஆசிரியரின் மனைவி நேற்றே கடையில் மெலிதாக ஒன்று வாங்கி, இன்று அதைக் கண்ணீரோடு கழற்றிப் போட்டாள். முழுப்பக்கப் படம். கண்ணீர் போதவில்லை என்று இரண்டு சொட்டு நான் சேர்த்தேன்.

என் மோதிரமும் போயிற்று. கொடுக்காதவர்கள் பெயரை வாசலில் குறிக்கிறார்கள். பதிலுக்கு ஓர் இரும்பு வளையம்.

1936 ஜனவரி 23

வந்த படக்கட்டுக்குள் ஒரே ஒரு படம் வேறு மாதிரி. ஒரு மனிதனின் கால்கள். முழங்காலுக்குக் கீழே தோல் இல்லை. பின்புறம் நெவியோவின் கையெழுத்து: ‘விமானத்திலிருந்து எதையோ தெளித்தார்கள். இதைப் போடச் சொல்.’

பெர்லெண்டிஸ் கிழித்துப் போட்டார். “உன் புருஷனுக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊர் திரும்பற எண்ணம் இருந்தா வெளிச்சமான படமா அனுப்பச் சொல்லு.”

நெவியோவுக்கு நான் எதுவும் எழுதவில்லை. பெர்லெண்டிஸே தந்தியடித்திருப்பார். அடிக்கட்டும், நாசமாப்போக! என் நெவியோ கேட்கிற ஆள் இல்லை.

பிப்ரவரி 27

புதுக் கட்டு. குழந்தைகள் பால் குடிக்கிறார்கள். அழகான வெயில். துப்பாக்கி இல்லை, நிழல்கூட இல்லை. உருப்பெருக்கியை வைத்து மூலை மூலையாகத் தேடினேன்.

“உன் வீட்டுக்காரர் தொழிலைக் கத்துக்கிட்டார்!” என்றான் தார்சீஸியோ.

மார்ச் 19

இந்தப் படக்கட்டிலும் திருத்த ஒன்றுமில்லை.

மே 10

நாம் இப்போது பேரரசாம். சிறப்பிதழ். மீன் கடையில் அதில்தான் மத்தி மீனைச் சுற்றிக் கொடுத்தார்கள். மீன் நன்றாக இருந்தது.

ஜூன் 14

நெவியோ வந்துவிட்டார். மார்பில் பதக்கம். நன்றாகச் சதை போட்டிருக்கிறார். சாப்பிடும்போது கேட்டேன்.

“அந்தக் கால்கள்?”

“எந்தக் கால்?” ரொட்டியைப் பிய்த்தார். “ஓ, அதுவா. அப்ப எனக்கு ஒண்ணும் புரியல.”

“குழந்தைங்களுக்குப் பால் கொடுத்தீங்களே, அதாவது நிஜமா?”

அவருக்குச் சிரிப்பு வந்தது. “பாலுக்கு எங்க போறது? சுண்ணாம்பைக் கரைச்சோம். வாயில வச்சுக்க மட்டும்தான் சொன்னேன். ஒரு பொண்ணு மட்டும் குடிச்சிடுச்சு.”

“அப்புறம்?”

“ஒண்ணும் ஆகியிருக்காது. அன்னிக்கே நாங்க கிளம்பிட்டோம்.” என் தட்டைப் பார்த்தார். “நீ ஏன் சாப்பிடல?”

பெர்லெண்டிஸைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். தார்சீஸியோவைப் பார்த்தால் கொட்டாவி வரும். இந்த மனிதரைப் பார்த்தால்—

எழுத வரவில்லை.

ஜூன் 16

வேலையை விட்டேன். வீட்டையும். “என்னடி செஞ்சேன் உன்னை?” என்று மாடிப்படி வரை கேட்டுக்கொண்டே வந்தார். நிஜமாகவே தெரியவில்லை அவருக்கு.

செப்டம்பர் 5, லோதி

பாலாடைக்கட்டித் தொழிற்சாலையில் வேலை. கை முழுக்க உப்பு. நெவியோ வந்திருந்தார். அட்டைப்படத்துக்கு வேண்டுமாம்: போர் வென்ற புகைப்படக்காரரும் அவருக்காகக் காத்திருந்த மனைவியும்.

“ஒரே ஒரு படம். சிரிக்கக்கூட வேண்டாம், எர்ஸிலியா.”

கதவைச் சாத்தினேன்.

அக்டோபர் 4

நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி பால்மிரா பத்திரிகையோடு சமையலறைக்கு வந்தாள். அட்டையில் நெவியோ. அவர் தோளில் தலை சாய்த்து ஒரு பெண், என்னைவிட இளையவள், நல்ல பல்வரிசை. கீழே பெரிய எழுத்தில்: ‘நெவியோவும் அன்பு மனைவி எர்ஸிலியாவும்.’

“உன் பேருதான் போட்டிருக்கு,” என்றாள் பால்மிரா. “இது யாரு?”

“அவர் பொண்டாட்டி.”

பால்மிரா அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு என் தட்டில் இன்னொரு கரண்டி சோளக்கூழ் வைத்தாள். முழுவதும் சாப்பிட்டேன்.