வனடேட்டை இன்னொரு முறை காய்ச்சு

மே 3

பட்டை உரியத் தொடங்கிவிட்டது. எங்கள் தாவரவியல் துறைக்குப் பின்னால் நிற்கும் பாப்லர் மரத்தில் ஒரு கிளையை அறுத்து, கத்தியால் கோடு கிழித்து இழுத்தால் சட்டை கழற்றுவது போல வருகிறது. உள்ளே ஈரமான புது மரம். ஆண்டுக்கு ஐந்து வாரம்தான் இந்தச் சௌகரியம். பிறகு இறுகிக்கொள்ளும், நெம்பினாலும் வராது.

என் ஆய்வு மாணவி அந்த ஈரத்தைப் பிளேடால் சுரண்டிக் குளிரில் அரைக்கிறாள். அவளுக்கு இது ஐந்தாம் ஆண்டு. ஜூன் 15-க்குள் ஆய்வேட்டுப் படிவத்தில் நான் கையெழுத்துப் போடாவிட்டால் அவளுடைய முனைவர் பட்டப் பதிவு காலாவதி. கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்வாள். மனதுக்குள் அவளுக்கு அழுத்தக்காரி என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மே 6

பாடநூலின் புதிய பதிப்புக்கு என் அத்தியாயத்தின் அச்சுப்படி திருத்தத்துக்கு வந்தது. இரண்டு முறை வாசித்தேன். என்ன தெளிவு! மரத்துக்குக் கெட்டித்தன்மை தருவது லிக்னின். அதற்கான செங்கற்களைச் செல் தனக்குள்ளேயே அறுக்கிறது. அவை சும்மா கிடந்தால் செல்லுக்கே நஞ்சு. ஆகவே ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரையை ஒட்டி, செல்லின் நடுவிலுள்ள பைக்குள் சேர்த்து வைக்கிறது. உள்ளே தள்ளுவது யார்? பையின் சவ்வில் இருக்கும் ஒரு பம்பு. செல்லின் எரிபொருளை நேரடியாக எரித்துத் தள்ளுகிறது. இது நான் சொன்னது. இருபத்திரண்டு ஆண்டுகளாக எல்லோரும் சொல்வது. பக்கம் 212-ல் படம்கூட இருக்கிறது. பம்புக்கு நீல நிறம் கொடுத்திருக்கிறார்கள். எடுப்பாக இருக்கிறது.

மே 9

வனடேட் என்றொரு உப்பு இருக்கிறது. அதைச் சேர்த்தால் என் பம்பு நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை என்கிறாள். அரைத்த சவ்வுகள் சின்னச் சின்னக் குமிழ்களாகச் சுருண்டிருக்கின்றன. வனடேட்டைப் பொருட்படுத்தாமல் செங்கல் அவற்றுக்குள் போய்க்கொண்டே இருக்கிறதாம்.

"வனடேட்டை சரியா காய்ச்சியிருக்க மாட்டேம்மா. மஞ்சள் போற வரைக்கும் காய்ச்சணும். இன்னொரு தடவை காய்ச்சு."

"சரி சார்."

மே 10

காய்ச்சினாள். நிற்கவில்லை.

மே 12

காய்ச்சினாள்.

மே 13

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் அதுகூடச் சொல்ல மாட்டேன் என்கிறாள். கூடத்தைக் குறை சொன்னாலாவது நான் ஏதாவது பதில் சொல்லலாம்.

மே 16

வனடேட்டைத் தொடாமல், நான் கேட்காமலேயே வேறொரு சோதனை செய்திருக்கிறாள். குமிழ்களுக்கு அமோனியம் உப்பைக் கொடுத்திருக்கிறாள். செங்கல் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. சுழி.

ஐந்து ஆண்டுகளில் முதல் முறையாக ஐந்து நிமிடம் தொடர்ந்து பேசினாள். எரிபொருள் எரிவது உண்மைதானாம். ஆனால் அது செங்கல்லைத் தள்ளுவதற்கு இல்லை, புரோட்டான்களைப் பைக்குள் அடைப்பதற்கு. உள்ளே நெரிசல் தாங்காமல் அவை ஒரு வாசல் வழியே வெளியே வரும்போது, அந்த வேகத்தில் செங்கல் உள்ளே ஏறிக்கொள்கிறது. அமோனியம் நெரிசலைக் கலைத்துவிடுகிறது, அதனால் எதுவும் நடப்பதில்லை.

"பஸ் மாதிரிதான் சார். இறங்குறவங்க இறங்கினாத்தான் ஏற முடியும்."

அமோனியம் குப்பி பழசாக இருக்கும் என்றேன். வனடேட்டை இன்னொரு முறை காய்ச்சச் சொன்னேன்.

மே 21

சாப்பிடும்போது மனைவியிடம் புலம்பினேன். அவள் பிசியோதெரபிஸ்ட், அவளுக்கு மரமும் தெரியாது, பம்பும் தெரியாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வலிக்கிற எடத்தைத் தொட்டா கத்துறாங்கன்னு மத்த எடமெல்லாம் அமுக்கிட்டிருந்தா, நான் கடையை மூட வேண்டியதுதான்" என்றாள். இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்று சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

மே 27

பட்டை இறுகுகிறது. இன்று உரித்தபோது பாதியில் கிழிந்தது.

ஒரு விஷயத்தை இங்கே மட்டும் எழுதலாம். நான் அவளை மறுக்கவே வேண்டாம். "இன்னும் ஒரு தடவை செய்து பார்" என்று சொன்னால் போதும். பத்து நாளில் மரம் மூடிக்கொள்ளும், ஜூன் 15 வந்துவிடும், அவள் பதிவு போய்விடும், பக்கம் 212 அப்படியே இருக்கும். என் கையில் ஒரு துளி அழுக்குப் படாது. பழி பாப்லருக்கு.

இதை யோசிக்கும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. சீ.

மே 29

அமோனியத்தால் ஒன்றும் ஆகாது என்று அவளுக்குக் காட்டுவதற்காகப் என் பழைய ஆய்வகக் குறிப்பேடுகளை எடுத்தேன். நான் எல்லாவற்றையும் செய்து பார்த்திருக்கிறேன், எங்காவது இருக்கும்.

இருந்தது. பக்கம் 41. என் கையெழுத்து. அமோனியம் சேர்த்த குமிழ்கள்: சுழி. கீழே சிவப்பு மையில்: "பாழ். குப்பி சரியில்லை. நாளை வேறு குப்பி."

பக்கம் 42-ல் வேறு குப்பி இல்லை, வேறு உப்பு; செங்கல் ஜோராக உள்ளே போகிறது. என் பம்பு அந்தப் பக்கத்தில்தான் பிறந்தது. இருபத்திரண்டு ஆண்டுகள், ஒரு பதவி உயர்வு, நீல நிறப் படம், எல்லாம் நான் ஒரு தாளைத் திருப்பிப் பார்க்காததால் வந்தவை. கூடம் கோணல் என்று முதலில் சொன்னது யார்?

மே 30

அச்சுப்படியைத் திருப்பி அனுப்ப இன்று கடைசி நாள். அனுப்பவில்லை. தலைவலி என்று எழுதிப் போட்டேன். உண்மையிலேயே தலை வலித்தது.

ஜூன் 2

முழுப் பூசணிக்காய், சின்னத் தட்டு. எவ்வளவு சோற்றைப் போட்டு மூடுவது?

ஜூன் 4

அந்தக் குறிப்பேட்டை அவள் மேசையில் விரித்து வைத்தேன். அவள் பார்த்தாள். ஆச்சரியப்படுவாள் என்று நினைத்தேன்.

"இதை நான் போன வருஷமே பாத்துட்டேன் சார். அலமாரி துடைக்கும்போது."

அதனால்தான் அமோனியத்தை எடுத்தாளாம். பதினோரு முறை வனடேட் காய்ச்ச வைத்தேனே, அப்போதெல்லாம் தெரிந்தேதான் காய்ச்சினாளா? ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா, குப்பி சரியில்லைன்னு சொல்வீங்க சார்."

சொல்லியிருப்பேன். சந்தேகமே இல்லை. கோபம் வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. படிவத்தை அங்கேயே வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். பக்கம் 41-ஐ அவளுடைய ஆய்வேட்டில் பின்னிணைப்பாகச் சேர்க்கச் சொன்னேன். "சேத்துட்டேன் சார்" என்றாள்.

ஜூன் 5

பதிப்பாசிரியருக்குக் கடிதம்: பக்கம் 212-ஐ எடுத்துவிடுங்கள். புதிய படம் இணைப்பில், வரைந்தவர் பெயருடன். மன்னிக்கவும், பம்பு இல்லை, வாசல்.

ஜூலை 18

அவளுடைய வாய்மொழித் தேர்வு. கூட்டம் நிறைய. என் பம்பு போனதை நேரில் பார்க்க வந்தவர்களே பாதிக்கு மேல். பதினைந்து ஆண்டுகளாக என்னோடு வாதாடித் தோற்றவர்கள் முன்வரிசையில்.

அவள் நன்றாகப் பேசினாள். கடைசியில் வெளித்தேர்வாளர் பின்னிணைப்பைத் திரையில் போடச் சொன்னார். சுவர் முழுக்கப் பக்கம் 41. கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.

"இந்தச் சிவப்பு எழுத்து எனக்குப் புரியலை. என்ன எழுதியிருக்கு?"

அவளுக்குத் தெரியும். நூறு முறை படித்திருப்பாள். ஆனால் என்னைப் பார்த்தாள். எழுந்து நின்றேன்.

"பாழ். குப்பி சரியில்லை. நாளை வேறு குப்பி."

அரங்கம் சிரித்தது. முன்வரிசை கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன், தொண்டை வறண்டிருந்தது.

அவள் சிரிக்கவில்லை. மேடையில் தனக்கு வைத்திருந்த தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, என் கையில் கொடுத்துவிட்டு, அடுத்த கேள்விக்குத் திரும்பிப் போனாள்.