மாற்றிப் பற்றவைத்த வயர்

என் சண்டைக்கார அக்காவுக்கு,

நீ போன பிறகு கம்ப்யூட்டரை நான் தொடவே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அம்மாதான் ஆரம்பித்தாள். "வீடு ஒரேடியா அமைதியா கிடக்குடா. அந்த டுமீல் டுமீல் சத்தத்தையாவது கொஞ்சம் போடேன்." ஊரப்பாக்கம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்குது என்று நம்மைத் திட்டிய அதே அம்மா!

போட்டேன். ஆம்ப்ளிஃபையர் வழக்கம்போல முதலில் 'உம்ம்' என்றது. அந்தத் துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் கீபோர்டு எனக்கு, மவுஸ் உனக்கு. நான் நடக்க, நீ சுட, இரண்டு பேரும் சேர்ந்து ஒரே ஆளாக ஆடினோமே. இப்போது மவுஸை யார் பிடிப்பது?

ரிச்சி ஸ்ட்ரீட் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபையரையும் இரண்டு பெரிய ஸ்பீக்கர் பாக்ஸையும் வாங்கிக்கொண்டு எலெக்ட்ரிக் ட்ரெயினில் வந்தோம், ஞாபகம் இருக்கிறதா? கம்ப்யூட்டரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வயரை நான்தான் பற்றவைத்தேன். என் முதல் சால்டரிங். விளையாட உட்கார்ந்தால், வலப்பக்கம் ஓடிவருகிறவனின் காலடி இடப்பக்க பாக்ஸில் கேட்கிறது. "கடைக்காரன் ஏமாத்திட்டான்க்கா, பாக்ஸே இப்படித்தான்" என்று அளந்துவிட்டேன். "சரி விடுடா, நான் மாத்திக் கத்துக்குறேன்" என்றாய். கற்றும் கொண்டாய். இடப்பக்கம் சத்தம் வந்தால் உன் கை வலப்பக்கம் பாயும்.

ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் இரண்டு பாக்ஸின் வயரையும் மாற்றிச் செருகினால் ஒரு நிமிட வேலை. செருகினால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடுமே! அதனால் விட்டுவிட்டேன்.

அப்புறம் பொத்தேரி காலேஜில் இதே விளையாட்டுக்கு, தனித்தனியாக ஆடும் போட்டி வந்தது; நீ பெயர் கொடுத்தாய். அங்கே கொடுத்த ஹெட்போன் சரியாகத்தான் இருந்தது. நீதான் சத்தம் வந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பித் திரும்பி, முதல் ரவுண்டிலேயே வெளியே வந்தாய். "கை தன்னால திரும்பிடுதுடா" என்று சிரித்தாய். ட்ரெயினில் கூடுவாஞ்சேரி தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்தபடியே வந்தாய். அப்போதாவது நான் சொல்லியிருக்கலாம். வாயில் கொழுக்கட்டையா இருந்தது எனக்கு?

அடுத்த மாதம் உனக்குக் காய்ச்சல். நாலே நாள். அவ்வளவு அவசரமா உனக்கு?

ஞாயிற்றுக்கிழமை அந்த 'உம்ம்' சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். "நீ வயரைப் பத்தவச்ச அன்னிக்கே அவளுக்குத் தெரியும்டா. 'சொல்லிடாதம்மா, மொதமொதல்ல பண்ணியிருக்கான், மூஞ்சி தொங்கிப்போயிடும்'னா."

தெரிந்துமா அக்கா? தெரிந்துமா தோற்றுவிட்டு வந்து என்னிடம் சிரித்தாய்? காதைத் திருகி நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா? இப்போது திட்டு வாங்க ஆசையாக இருக்கிறது. திட்டத்தான் ஆள் இல்லை.

அப்புறம் ஒன்று நடந்தது. அம்மா உன் நாற்காலியில் உட்கார்ந்து, பயந்து பயந்து மவுஸில் கை வைத்தாள். இடப்பக்க பாக்ஸில் காலடி கேட்டது. "எந்தப் பக்கம்டா?" என்று பதறினாள். "வலப்பக்கம்மா" என்றேன். திருப்பினாள். அங்கேதான் எதிரி நின்றுகொண்டிருந்தான்.

அந்த வயரைப் பிரிக்க மாட்டேன் அக்கா, சத்தியம். ஆனால் இனி யார் வந்து கேட்டாலும் கடைக்காரன் மேல் பழி போட மாட்டேன். தப்பாகப் பற்றவைத்தது நான், அதைத் தெரிந்தே தாங்கியது என் அக்கா என்று சொல்வேன்.

இப்படிக்கு,
கீபோர்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் உன் தம்பி