மலையூர் ஊற்றும் எங்கள் கோயில் கிணறும்

மோர்டன், 14.11.2006

அன்பு மகள் கோசிகாவுக்கு,

அம்மாவின் முழங்காலைத் தவிர இங்கு எல்லாம் நலம். விம்பிள்டன் பிள்ளையார் அந்த மலையிலும் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். உன் கடிதம் வந்துசேரப் பதினெட்டு நாள் ஆனது. இரண்டு நாடுகள் பிடித்து இழுக்கும் மலையில், நாற்பது வீட்டு ஊருக்கு வரலாறு எழுத எங்கள் பிள்ளைதானா கிடைத்தாள் என்று அம்மா புறுபுறுக்கிறாள். அங்கே மேல்பகுதியாரும் கீழ்ப்பகுதியாரும் ஊற்றைத் தாங்கள்தான் வெட்டினோம் என்கிறார்கள், யார் முதலில் வந்தவர் என்று எழுதாவிட்டால் இனி வாயே திறக்கமாட்டார்களாம், என்ன செய்ய என்று கேட்டிருந்தாய். ஊர் வரலாறு எழுதிக் கெட்டவனிடம்தான் கேட்டிருக்கிறாய்.

நாங்கள் விட்டுவந்த ஊரின் பெயரால் இங்கு நடத்தும் சங்கத்து ஆண்டுமலரில் கோயில் கிணறு இருப்பது கிழக்கு வட்டாரம் என்று ஒரேயொரு வரி எழுதினேன். மேற்கு வட்டாரத்தில் பெண் எடுத்த பாலேந்திரா பெரியப்பா மேடையிலேயே மலரைக் கிழித்தார். சங்கம் இரண்டாகி, இப்போது ஒரே நாளில், ஒரே தெருவில், இரண்டு மண்டபத்தில் ஒன்றுகூடல். கொத்துரொட்டி மட்டும் இரண்டுக்கும் ஒரே கடை. பெரியப்பா என் கூடப்பிறந்த அண்ணை, அவரே மூன்று வருடமாக என்னோடு பேசவில்லை, கடையில் கண்டால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் போய்விடுவார். எனக்கு அது பெரிய கவலை பிள்ளை.

ஆனால் ஊர் வரலாற்றில் அவரை விட்டால் யாரைக் கேட்பது? ஞாயிற்றுக்கிழமை துணிந்து போன் எடுத்து, அண்ணை, கோசிகாவுக்கு ஒரு சிக்கல் என்றேன். பிள்ளைக்கு அங்க குளிருக்கு உடுப்புக் கிடக்கோ என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. ரண்டு பகுதியும் சொல்லுறதை அவையவையின்ர பேரோட அப்பிடியே எழுதச் சொல்லு, தீர்ப்புச் சொல்ல வேண்டாம், அச்சடிக்க முதல் ஊரை விட்டு வெளிக்கிடச் சொல்லு என்றார். கிணறு பற்றி நான் என்ன எழுதுகிறேன் என்று பார்க்காமல் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட விடமாட்டாராம். நாளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். அம்மா இப்போதே பயற்றம் பணியாரம் சுடுகிறாள்.

யார் வெட்டிய ஊற்றானாலும் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி. எல்லா நலமும் பெற்று நல்லபடி திரும்பி வா மகளே.

ஆசிகளுடன்,
அப்பா நவரத்தினம்

பி.கு: மேலே 'கிழக்கு' என்பதை வெட்டி 'மேற்கு' என்று எழுதியிருப்பது பெரியப்பா. பேனை கொடுத்தது நான்தான்.