காலண்டர் லோடு

செப்டம்பர் 9, செவ்வாய்

நாக்பூர் போய்த் திரும்பியாயிற்று. சரக்கு விமானம் ஓட்டும் எங்கள் பிழைப்பு இதுதான். கம்பெனியிலிருந்து போன் வந்தால் கிளம்ப வேண்டும். போன வாரம் உயிர் நண்டு. நேற்று ஏதோ ஒரு மில்லுக்கு அவசரமாக ஒரு கியர். இன்று சிவகாசியிலிருந்து 'அச்சுக் காகிதம்'.

அனுப்பியது ஊர்க்காவலன் மச்சான். ரோஜா அக்காவின் வீட்டுக்காரர். பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டிக்கொண்டிருந்தவர், இந்தச் சீசனில் சரக்கு புக்கிங் ஏஜெண்டாகிவிட்டார். சந்தோஷம்தான். ஆனால் ஒன்று இடிக்கிறது. காகிதம் கனம். பாதி இடம் நிரம்புவதற்குள் எடை வரம்பு வந்துவிடும். இன்று கூரை முட்ட அடுக்கினார்கள். அப்படியும் விமானம் காற்றாடி மாதிரி எழும்பியது.

காகிதமா அது?

செப்டம்பர் 11

துணை விமானி விக்னேஷ்குமாரிடம் சொன்னேன். "ஸ்கேன் ஆகித்தானே மேடம் வருது?" என்றான். ஏன் அவ்வளவு வேகமாகப் பதில் சொன்னான்?

செப்டம்பர் 14, ஞாயிறு

அம்மாவைப் பார்க்க அச்சங்குளம் போயிருந்தேன். அம்மாவுக்கு ஞாயிறு மட்டும்தான் பட்டாசுக் கம்பெனி லீவு. கை நகத்தில் வெள்ளி மருந்து இன்னும் போகவில்லை. மச்சானும் அக்காவும் வந்திருந்தார்கள். சும்மா கேட்பதுபோல் கேட்டேன், பெட்டிக்குள் என்ன என்று.

"ஏங் கொளுந்தியா, ஊருக்கே கேப்டனம்மா, ஒனக்குத் தெரியாததா? பேப்பருதான்."

சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. என் தட்டில் இன்னொரு துண்டு கறி வைத்தாள். அவளுக்குத் தெரியுமோ?

செப்டம்பர் 23

இன்றும் அதே லோடு, அதே கூரை முட்ட. விமானத்துக்குள் எங்களுக்கும் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு வலைதான். விமானத்தில் ஏற்றவே கூடாத பட்டாசு பெட்டிக்குள் இருந்து, மேலே போன பிறகு அங்கே நெருப்புப் பிடித்தால் ஓடிப்போய் இறங்க இடம் கிடையாது. விக்னேஷுக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"ஒரு பெட்டியைத் திறங்க" என்றேன்.

லோடிங் பார்க்கும் முனியராஜ், "சீல் போட்டதும்மா" என்று இழுத்தார். நான் வேண்டாமென்றால் லோடு ஏறாது என்று அவருக்கும் தெரியும். திறந்தார். உள்ளே வெறும் காகிதக் குழாய்கள். மருந்து அடைக்காத, ஒரு பொட்டுக் கரி படாத குழாய்கள். வடக்கே ஏதோ கம்பெனிக்குப் போகிறதாம். இன்னொன்றைத் திறந்தோம். அதுவும் குழாய்.

லோடு ஏற்றுகிறவர்கள் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். விமானம் தாமதம். கம்பெனியில் எழுத்துபூர்வமாக விளக்கம் கேட்டிருக்கிறார்கள்.

அக்கா போனில் கத்தினாள். "கட்டுனவன் முகத்துல கரியப் பூசிட்டியேடி. மேல பறக்குற திமிரு! எங்களையெல்லாம் திருடன்னே நெனச்சுட்டீல்ல?"

போனை வைத்துவிட்டுக் கம்பெனிக்கு விளக்கம் எழுத உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 24

தூக்கமில்லை. தப்பு என்னுடையதுதான். — தானா?

அக்டோபர் 5, ஞாயிறு

மதுரையில் நான் இருக்கும் வீட்டுக்கு மச்சான் வந்தார். சாத்தூர்ச் சேவு ஒரு பொட்டலம். கோபமே இல்லை.

"அக்கா பேசுனத மனசுல வச்சுக்காத. ஒன் வேலைய நீ பாத்த. நாளப்பின்ன காலண்டர் லோடு வருது. தொறந்து பாக்கணும்னாலும் பாத்துக்க."

இந்த மனுஷன் குழம்பில் உப்பு கூடினாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறவர். சேதி சிவகாசியெல்லாம் பரவி எங்கள் குடும்பத்தைப் பார்த்து ஊரே சிரித்த பிறகும் கோபம் வரவில்லையாம். ஏன்?

அக்டோபர் 9

எழுதிவிடுகிறேன்.

காலண்டர் லோடு வந்தது. மறுபடியும் கூரை முட்ட. முனியராஜ் சிரித்துக்கொண்டே கேட்டார், "இன்னைக்கும் தொறக்கணுமாம்மா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். உண்மை. இன்னொரு தடவை குழாய் வந்தால் என் வேலையே போகும். அப்போது விக்னேஷ், "பாத்துருவோம் மேடம். தாமதத்துக்கு நானும் கையெழுத்துப் போடுறேன்" என்றான். இவனையா சந்தேகப்பட்டேன்!

முன்வரிசைப் பெட்டியில் நிஜமாகவே காலண்டர். அதை முனியராஜே ஆசையாக எடுத்துப் பிரித்துக் காட்டினார். அந்த ஆசைதான் பிடிக்கவில்லை. நடுவிலிருந்து ஒன்றை இறக்கச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

மேலே நாலு காலண்டர். கீழே முழுக்க வெடி. அம்மா வீட்டுக்குள் நுழையும்போது சேலையில் வருமே, அந்த வாடை.

அக்டோபர் 11

ஸ்கேன் ஆன பெட்டிகள் வேறு, விமானத்துக்கு வந்த பெட்டிகள் வேறாம். மாற்றியது முனியராஜ். அவரையும் மச்சானையும் பிடித்துவிட்டார்கள். வாக்குமூலம் கொடுக்கப் போயிருந்தேன். மச்சான் இன்ஸ்பெக்டரிடம் சொன்னது என் காதுபடத்தான்:

"வெறுங் குளாய அனுப்புனதே அதுக்குத்தான் சார். ஒருதடவ தொறந்து அசிங்கப்பட்டவ, மறுக்காத் தொறக்க மாட்டான்னு நெனச்சேன்."

என்னை ஏறிட்டே பார்க்கவில்லை. என் உயிரையும் அந்தப் பெட்டிகளோடு சேர்த்துத்தானே அடுக்கியிருக்கிறார்? அதை நினைத்துப் பார்த்தாரா?

அம்மா வந்தது. ஒரே கேள்வி. "ஒனக்கு ஒண்ணும் ஆகலைல்ல?" அப்புறம் பஸ் பிடித்து அக்கா வீட்டுக்குப் போய்விட்டது.

அக்டோபர் 20, தீபாவளி

அக்கா போனை எடுக்கவில்லை.

நவம்பர் 3

கௌஹாத்திக்கு மாத்திரை மருந்து லோடு. யாரும் சொல்லாமலே லோடிங் ஆட்கள் ஒரு பெட்டியைத் திறந்துவைத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள். மரியாதையா பயமா, தெரியவில்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மத்தியானம் அக்காவிடமிருந்து போன்.

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்க்கா."

"என்ன?"

"புளிச்சோறு."

"சரி." வைத்துவிட்டாள்.

எதற்குக் கூப்பிட்டாள்? வாக்குமூலத்தை மாற்றச் சொல்லவா? வக்கீல் பேசச் சொன்னாரா? பக்கத்தில் யாராவது உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்களா? அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் பிரித்துப் பிரித்துப் பார்த்தேன். உள்ளே ஒன்றும் இல்லை. சாப்பிட்டியா என்றுதான் கேட்டிருக்கிறாள்.

நானே கூப்பிட்டேன்.

"என்னடி?"

"நீ சாப்பிட்டியாக்கா?"

அந்தப் பக்கம் தட்டை எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"இனிமேத்தான்" என்றாள்.