எல்லாத் திரையிலும் என் ராசிபலன்

சார்,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பூதலூர் மில்லுக்கு வந்து எடைமேடை அறையைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது வாசலில் நிற்கும் நெல் லாரியை இல்லை, ராசிபலனை. என் ராசி மேஷம். மேஷத்துக்குச் சரியாகப் போடவில்லை என்றால் கன்னிக்குப் போட்டிருப்பதைப் படித்து, அதை எனக்கென்று எடுத்துக்கொள்வேன். ஐம்பது வயதுப் பொம்பளை செய்கிற வேலையா இது என்று நீங்கள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

இன்று காலை உங்கள் நீல அட்டை நோட்டு என் மேஜைக்கு வந்தது. சர்வரைப் புதிதாக மாற்றப் போகிறார்களாம். அதற்காகத் தஞ்சாவூரிலிருந்து வந்த கம்பெனிப் பொண்ணு, பழைய குறிப்புகளைப் பார்க்க வேண்டும் என்று அதைக் கொண்டுவந்து, என் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டிக்கொண்டிருந்தது. அட்டையில் உங்கள் டீ டம்ளர் வைத்த வட்டம் அப்படியே இருக்கிறது. நடுவில் ஒரு வரியைச் சத்தமாக வாசித்துவிட்டு, அது சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்குச் சிரிப்பு வராத நாளை நீங்கள் பார்த்ததில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களை நான் படுத்தாத பாடு இல்லை. எங்கள் மில் கம்ப்யூட்டரைப் பார்க்க, முதுகில் அந்தக் கறுப்புப் பையோடு நீங்கள் பைக்கில் வந்து இறங்கினால், "மூட்டைக்கும் எடை போட்டுரலாமா சார்?" என்பேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவளிடம் இத்தனை பேச்சு வாங்கிக்கொண்டும், கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்வீர்கள். பூதலூர், ஒரத்தநாடு, குத்தாலம் என்று மூன்று ஊர் மில்லிலும் எங்கள் மேஜை மேல் இருப்பது வெறும் திரைதான், வேலை எல்லாம் தஞ்சாவூர் ஆபீஸில் இருக்கும் ஒரே சர்வரில் நடக்கிறது என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னீர்கள்.

"சர்வர்ங்கிறது தலைமதகுக்கா. அங்க ஒரு கை திறந்துவிட்டா கடைமடை வரைக்கும் போயிரும். அதான் பூட்டி வச்சிருக்கேன்."

பூட்டு என்றால் நல்ல பூட்டு. பிரவுசரில் நாங்கள் ஒன்றும் சேர்க்க முடியாது, ஒன்றும் எடுக்க முடியாது. நீங்கள் வைத்ததுதான் எல்லாருக்கும்.

போன வருஷம் குறுவை அறுப்பு. எடைமேடையில் விழும் எண்ணை நாங்கள் கையால் அடிக்காமல், அதுவே பில்லில் வந்து உட்காரும்படி ஒரு பிளக்-இன் கொண்டுவந்தீர்கள். என் கவுண்டரில்தான் சோதனை. பிளக்-இன் இருக்கும் பக்கத்தைத் திறந்தீர்கள், மேலே முகவரியில் இருந்த நீள எழுத்தை நகல் எடுத்தீர்கள், சர்வரில் நீங்கள் வைத்திருக்கும் பிளக்-இன் பட்டியலின் அடியில் ஒட்டினீர்கள், சேமித்தீர்கள். கோலம் போடுகிறவள் கையைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் தயிர்சாத டப்பாவை எடுத்துக்கொண்டு, "யாரும் தொடாம பாத்துக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு வேப்பமரத்தடிக்குப் போனீர்கள்.

யாரும் தொடவில்லை சார். நான்தான் தொட்டேன்.

என் மகள் கம்ப்யூட்டரில் ராசிபலன் பிளக்-இன் ஒன்று பார்த்திருந்தேன். பிரவுசரைத் திறந்தாலே பன்னிரண்டு ராசியும் படத்தோடு வரும். நீங்கள் செய்தது போலவே செய்தேன். ஒட்டிய பிறகு எண்ணிப் பார்த்தேன், முப்பத்திரண்டு எழுத்து. என் திரையில் மட்டும் வரும் என்று நினைத்தேன். தலைமதகு என்று நீங்கள் சொன்னது அந்த நேரத்தில் எங்கே போனதோ.

மறுநாள் காலை மூன்று ஊரிலும் எந்தத் திரையைத் திறந்தாலும் ராசிச் சக்கரம் சுற்றியது. பூட்டு பலமாக இருந்ததால் யாராலும் அதை எடுக்கவும் முடியவில்லை. எல்லாத் திரைக்கும் அத்தனை படத்தையும் சுமந்து சர்வர் திணறிப் போய், பில் நின்றது. தூறல் வேறு. லாரிக்காரர்கள் தார்ப்பாயை இழுத்துவிட்டார்கள். டிராக்டரில் வந்த ஒருவரிடம் தார்ப்பாய் இல்லை. அவர் நெல் நனைந்து, ஈரம் அதிகம் என்று திரும்பிப் போனது. வெயில் வந்ததும் அவரும் அவர் மனைவியும் ரோட்டோரத்தில் அதைக் கொட்டிக் காலால் கிளறிக்கொண்டிருந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன்.

நீங்கள் வந்து இரண்டு மணி நேரத்தில் சரி செய்தீர்கள். அதற்குள் முதலாளியும் வந்துவிட்டார். ஜோசியம் பார்க்கவா சம்பளம் கொடுக்கிறேன் என்று லோடுமேன்கள் முன்னால் உங்களைக் கேட்டார். நீங்கள் ஒரு தடவை என்னைப் பார்த்தீர்கள். பிறகு அவரைப் பார்த்து, "என் கவனக்குறைவுதான் சார்" என்றீர்கள்.

அதோடு நான் வாயை மூடியிருந்தாலாவது பரவாயில்லை. அவர் போனதும், எல்லாரும் கேட்க, "சார், எனக்கு இன்னிக்கு அலைச்சல்னு போட்டிருக்கு. உங்களுக்கு என்ன போட்டிருக்கு?" என்றேன். லோடுமேன்கள் சிரித்தார்கள்.

"எனக்கும் அதேதாங்கக்கா" என்று சொல்லிவிட்டுப் பையை மாட்டிக்கொண்டீர்கள்.

அடுத்த வாரமே சர்வர் வேலையை வெளிக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். உங்களுக்குப் பிரிண்டரும் மவுஸும்தான் மிஞ்சின. நீங்கள் போட்ட பூட்டுக்குச் சாவி உங்களிடம் இல்லை. அப்போதும் வந்தீர்கள், டீ குடித்தீர்கள், நான் கேலி செய்தால் சிரித்தீர்கள். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். தீபாவளி கழியட்டும் என்றேன், பொங்கல் போகட்டும் என்றேன். ஆடி மாதம் நெஞ்சுவலியில் நீங்கள் போய்விட்டீர்கள்.

உங்கள் ஒரத்தநாட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். உங்கள் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூதலூருக்குப் போனா சிரிச்சுட்டு வருவேன்னு சொல்வாருங்கக்கா" என்றார். அங்கேயாவது சொல்லியிருக்கலாம். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். அழுகிறேன் என்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

இன்று அந்தப் பொண்ணு வாசித்த வரி இதுதான்: 'ராசிபலன் பிளக்-இன், பூதலூர் கவுண்டரில் சேர்க்கப்பட்டது, மதியம் 1.20. காரணம்: திரையைப் பூட்டாமல் சாப்பிடப் போனேன்.'

ஆக, உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே தெரியும். இடத்தை எழுதினீர்கள், நிமிஷத்தை எழுதினீர்கள், என் பேரை மட்டும் எழுதவில்லை. யாராயிருக்கும் என்று அந்தப் பொண்ணு கேட்டது. நான்தான் என்றேன். முதலாளியிடமும் சொல்லிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

நீங்கள் போனதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம் சார். எழுந்தால் திரையைப் பூட்டாமல் நகர மாட்டேன், தண்ணீர் குடிக்கப் போனாலும். இன்றும் பூட்டிவிட்டுத்தான் போனேன். முதலாளி முழுசாகக் கேட்டார். "அந்த மனுஷன் ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். அப்புறம் வாசலில் லாரி நிற்கிறது, போய்ப் பார் என்றார்.

வந்து உட்கார்ந்தேன். தினமும் அடிக்கிற கடவுச்சொல் இன்று நினைவுக்கு வரவில்லை. மூன்று முறை தப்பாக அடித்ததில் என் கவுண்டர் பூட்டிக்கொண்டது. தஞ்சாவூரிலிருந்து திறந்துவிட முக்கால் மணி நேரம் ஆனது. நான்கு லாரி நின்றது. அந்தப் பொண்ணு உங்கள் நோட்டிலேயே அடுத்த வரியில் எழுதிக்கொண்டது: காரணம், திரையைப் பூட்டிவிட்டுப் போனார்.