கைப்பிடியைப் பிடித்த குற்றம் குறித்து

அனுப்புநர்:
ச. காசிலிங்கம் (வயது 71),
கருப்பட்டி மொத்த வியாபாரம் (ஓய்வு),
பி பிளாக், மூன்றாம் தளம்,
முத்துச்சிப்பி மூத்தோர் குடியிருப்பு,
தூத்துக்குடி.

பெறுநர்:
உயர்திரு செயற்பொறியாளர் அவர்கள்,
முத்துச்சிப்பி குடியிருப்புப் பராமரிப்பு அலுவலகம்,
தூத்துக்குடி.

பொருள்: கழிப்பறைச் சுவரிலிருந்து கைப்பிடியும் வாஷ்பேசினும் கழன்று விழுந்தது – அதற்கு என் மனைவியே காரணம் எனத் தங்கள் அலுவலகம் கண்டறிந்தது – சுவரின் மறுபக்கம் தகடு வைத்துப் பொருத்த அனுமதி வேண்டுவது – தொடர்பாக.

பார்வை: தங்கள் அலுவலகப் பதில் கடிதமும், அதன் பின் வந்த எறும்பு நோட்டீஸும்.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் என் மனைவி சங்கரம்மாளும் மேற்கண்ட வீட்டில் குடியிருந்து வருகிறோம். அவளுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு பிடிமானம் வேண்டும். நாங்கள் கேட்கும் முன்பே தங்கள் அலுவலகம் அதை உணர்ந்து, மூத்தோர் வசதித் திட்டத்தின்கீழ் எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் பளபளவென்று ஒரு எவர்சில்வர் கைப்பிடியைப் பொருத்தித் தந்தது. தொடக்க விழாவுக்கு எங்கள் வீட்டுக் கழிப்பறைதான் தேர்வானது. தங்களுக்கு முன்பிருந்த அதிகாரி கைப்பிடியை இரண்டு விரலால் தொட்டபடி புகைப்படம் எடுத்துக்கொண்டார். அன்று அது துளியும் அசையவில்லை என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

2. கடந்த மாசி மாதம் ஒரு காலையில் சங்கரம்மாள் அதை முழுக் கையாலும் பிடித்து எழுந்தாள். கைப்பிடி ஸ்குரூவோடும், அது இறங்கியிருந்த பிளாஸ்டிக் பிளக்கோடும் கையோடு வந்துவிட்டது. பதறிப்போய் பக்கத்திலிருந்த வாஷ்பேசினைப் பிடித்தாள். அதுவும் கூடவே வந்தது. கடைசியில் அவளைத் தாங்கியது ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி உடைந்தது, அவள் இடுப்பு உடையவில்லை. அந்த வாளி எந்தத் திட்டத்திலும் வந்ததல்ல, நான் கடையில் வாங்கியது.

3. தங்கள் உதவிப் பொறியாளர் ஜெயபிரியா அவர்கள் நேரில் வந்து சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "உள்ள வெறும் காத்துதான் சார்" என்றார். இது சுடுமண்ணால் செய்த துளைக்கல் சுவராம். வெயில் உள்ளே வராது. உண்மைதான், வீடு குளுகுளுவென்றுதான் இருக்கிறது. ஆனால் கல்லின் வெளித்தோல் விரல் கனம்கூட இல்லை, உள்ளே அறை அறையாக வெற்றிடம். பொருத்த வந்தவர்கள் கெட்டிச் செங்கல் என்று நினைத்து, அதிரும் டிரில்லை வைத்து அடித்ததில் உள்தடுப்புகள் நொறுங்கிவிட்டன. குட்டை ஸ்குரூ பிடித்துக்கொள்ள எதுவுமில்லாமல் சும்மா நின்றிருக்கிறது. நீளமான போல்ட்டைச் சுவரைத் தாண்டி எங்கள் படுக்கையறைப் பக்கம் எடுத்து, அங்கே இரும்புத் தகடு வைத்து இறுக்கினால் பாரம் தாங்கும் என்று அந்த அம்மையார் எழுதியும் கொடுத்தார்கள். அதன் பிறகு அந்தக் குறிப்பு நகரவில்லை. விசாரித்தபோது, கைப்பிடியும் ஸ்குரூவும் குழாய்ப் பிரிவைச் சேர்ந்தவை, சுவர் கட்டடப் பிரிவைச் சேர்ந்தது, ஸ்குரூ நுழைகிற துளை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை என்று சொன்னார்கள்.

4. பிறகு தங்கள் பதில் கடிதம் வந்தது. "பயனாளி தமது உடல் எடையைக் கைப்பிடியின் மீது செலுத்தியதே சேதத்திற்குக் காரணம். கைப்பிடியானது பயனாளிக்கு நம்பிக்கை அளிப்பதற்கானது, பாரம் தாங்குவதற்கானதல்ல" என்று அதில் கண்டிருந்தது. இனிமேல் அனுமதியின்றிச் சுவரில் துளையிடக் கூடாது என்றும் இருந்தது. இதை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப அதப் பிடிக்கக் கூடாது, கும்பிடணுமாக்கும்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியாததால் கேள்வியைத் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

5. எறும்பு நோட்டீஸ் பற்றியும் விளக்கம் தரக் கடமைப்பட்டிருக்கிறேன். நான் உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தவன். எங்கள் மண்டிச் சுவர் என் தகப்பனார் காலத்தில் சுண்ணாம்பைக் கருப்பட்டித் தண்ணீரில் குழைத்துக் கட்டியது. அதில் ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். சுவரில் புதிதாகத் துளையிடத்தானே தடை, இருக்கிற துளையை அடைக்கத் தடையில்லையே என்று நினைத்து, கைப்பிடி பிடுங்கிய ஓட்டையில் அதே கலவையைக் கரைத்து ஊற்றினேன். நல்ல கருப்பட்டி, கலப்படமில்லாதது. ஊற்ற ஊற்றச் சுவர் குடித்துக்கொண்டே இருந்தது. கெட்டியாக வாங்கிக்கொள்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். கல்லின் வெற்றிடம் வழியாக அது இறங்கி, குழாய் போகும் சந்தில் புகுந்து, கீழ்வீட்டுக் கூரைக்குப் போய்க்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. கீழ்வீட்டில் இருப்பவர் புன்னைக்காயலைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை பிளாரன்ஸ் அவர்கள். மறுநாள் மேலே வந்து, "அண்ணாச்சி, எங்க பாத்ரூமுல எறும்பு சாரை சாரையா வருது. மேல இருந்து என்னதான் செய்யுதிய?" என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. அவர் புகார் எதுவும் செய்யவில்லை. ஆனாலும் "கட்டடத்தின் சுவருக்குள் அனுமதியின்றி உணவுப்பொருள் சேமித்தமை" என்று எப்படியோ செய்தி எட்டி, தங்கள் அலுவலகம் எனக்கு நோட்டீஸ் அனுப்பியது. கைப்பிடி விழுந்ததற்கு வராத வேகம் எறும்புக்கு வந்ததில் எனக்கு வருத்தமில்லை. குற்றம் உண்மை, ஒப்புக்கொள்கிறேன்.

6. கைப்பிடி விழுந்த நாளிலிருந்து அதன் பணியை நானே கூடுதல் பொறுப்பாகக் கவனித்து வருகிறேன். அவள் என் தோளைப் பிடித்து உட்காருகிறாள், பிடித்து எழுகிறாள். கல்யாணமாகி இத்தனை காலம் ஆன பின்பும், "கண்ண மூடிக்கிடுங்க" என்கிறாள். மூடிக்கொண்டு நிற்கிறேன். அவளுக்கு அது எவ்வளவு கூச்சமென்று எனக்குத் தெரியும். இந்தப் பொறுப்பிலும் இப்போது ஒரு சிக்கல். எனக்குக் குடலிறக்கம். அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை. அதன் பின் சில மாதங்களுக்குப் பாரம் எதுவும் தாங்கக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதாவது, தாங்கள் கைப்பிடிக்கு விதித்த அதே நிபந்தனையை அவர் எனக்கும் விதித்திருக்கிறார்.

7. எழுத வேண்டாமென்று நினைத்திருந்த ஒன்றையும் எழுதிவிடுகிறேன். என் சிகிச்சைத் தேதி தெரிந்ததிலிருந்து சங்கரம்மாள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டாள். தூத்துக்குடி சித்திரை வெயிலில் நாக்கு வறண்டு உட்கார்ந்திருக்கிறாள். செம்பில் ஊற்றி வைத்தால் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிடுகிறாள். நீர்க்கடுப்பு வந்து மருத்துவரிடம் போனோம். ஏன் தண்ணீர் குடிப்பதில்லை என்று அவர் அதட்டினார். "குடிச்சா எந்திக்கணும்லா டாக்டரே" என்றாள். அந்த அறையில் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. கோபத்தைத்தான் இந்த மனுவாக எழுதுகிறேன்.

8. ஆகவே ஐயா, ஜெயபிரியா அவர்கள் எழுதியபடி போல்ட்டைச் சுவரின் மறுபக்கம் எடுத்துத் தகடு வைத்துப் பொருத்த அனுமதி அளிக்க வேண்டும். தகடு எங்கள் படுக்கையறையில்தான் தெரியும். பார்ப்பவர்கள் அழகில்லை என்றால் நாங்கள் பொறுத்துக்கொள்கிறோம். வாஷ்பேசினைச் சுவரில் தொங்கவிடாமல் தரையில் கால் ஊன்றி நிற்கும்படி வைத்துத் தர வேண்டும். துளை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதைத் தாங்கள் நிதானமாக முடிவு செய்துகொள்ளலாம், அவசரமில்லை. எறும்பு நோட்டீஸை ரத்து செய்ய வேண்டியதில்லை. பொருத்தி முடித்ததும் தாங்களே நேரில் வந்து, இரண்டு விரலால் அல்ல, முழுக் கையாலும் ஒருமுறை பிடித்து எழுந்து பார்க்க வேண்டுகிறேன். புகைப்படம் எடுத்துக்கொண்டாலும் எங்களுக்கு ஆட்சேபனையில்லை.

என் மனைவிக்குத் தாகம் எடுத்தால் அவள் தண்ணீர் குடிக்க வேண்டும். அதற்குத்தான் ஐயா அந்தப் போல்ட்.

இடம்: தூத்துக்குடி
நாள்: 07.05.2025

இங்ஙனம்,
ச. காசிலிங்கம்
(கூடுதல் பொறுப்பு: கைப்பிடி, அடுத்த வாரம் வரை)