யூரியா போடாத பாதி

என் அறிவாளி அக்காவுக்கு,

சோயாவுக்கு யூரியா வேண்டாம் என்று நீ சொன்னதும் அப்பா குதித்ததும், வயலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்து விதைத்துவிட்டு நீ பெட்டியோடு கிளம்பியதும் பழைய கதை. புதுக் கதை கேள்.

முதலில் அப்பாவின் பாதிதான் கருகருவென்று நின்றது. "பாத்தியாடா, படிச்சவ தோத்துட்டா" என்று மீசையை முறுக்கினார். பிறகு யூரியாவைத் தின்று கொழுத்த களைகள் பயிரின் தலைக்கு மேலே எட்டிப் பார்த்தன. "அப்பா, உங்க செல்லப்பிள்ளைங்க என்னைவிட உயரமா வளந்துட்டாங்க" என்றேன். அவர் கையிலிருந்த களைக்கொத்தி பறந்து வந்தது; நல்லவேளை, குனிந்துவிட்டேன்.

உன் பாதியில் இலைகள் நெருங்கி மூடிக்கொண்டு களைக்கு வெயிலே விடவில்லை. நீ சொன்னபடியே வேரில் முத்து முத்தாக முடிச்சுகள். யூரியா தரும் தழைச்சத்தை அந்த முடிச்சுகளிலேயே செடி தயாரித்துக்கொள்கிறது! நீ மந்திரவாதிதான் அக்கா.

நேற்று பக்கத்து வயல்காரர் வந்தார். அப்பா உன் செடி ஒன்றைப் பிடுங்கி, வேரை அவர் மூக்குக்கு நேரே நீட்டினார். "இந்த முடிச்சைக் கீறிப் பாருங்க, உள்ள சிவப்பா இருக்கும். அப்படி இருந்தா சத்து தயாராகுதுன்னு அர்த்தம். என் பொண்ணு சொன்னா." என்னைப் பார்த்ததும், "உன் காதுல ஒண்ணும் விழலை" என்றார்.

அறுவடைக்கு இப்போதே ஆள் பேசிவிட்டார், தன் பாதிக்கு மட்டும். உன்னுடையதை "அவளே வந்து அறுக்கட்டும்" என்கிறார்.

மழைக்கு முன்னால் வந்துவிடு.

இப்படிக்கு,
களைகளைவிடக் குள்ளமான தம்பி